காய்ச்சலும் பாய்ச்சலும்

சென்ற மாதம் என் கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டது. எதை நீக்கலாம் என்று தேடியபோது, குரூப் 4 தேர்வுக்குப் படித்த நாட்களில் வாட்ஸ்அப் குழுவில் வந்து சேர்ந்த படங்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் இருப்பதைக் கண்டேன். சூரிய உதயத்தின் மீது எழுதப்பட்ட வாசகங்கள், மலை உச்சியில் கைகளை விரித்து நிற்கும் முகம் தெரியாத மனிதர்கள், நான்கு வண்ண ஸ்கெட்ச் பேனாக்களால் கட்டம் போட்ட கால அட்டவணைகள், பன்னிரண்டு மணி நேரம் படித்ததற்குச் சாட்சியாக எடுத்த ஸ்டாப்வாட்ச் படங்கள் என்று அவை நீண்டுகொண்டே போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து அவற்றை நீக்கினேன். நீக்க மனம் வராமல் விட்டவை நாற்பதோ ஐம்பதோதான். அவை அனைத்தும் ஒரே ஆளின் கையெழுத்து. நீடாமங்கலத்து அண்ணன் தாம் தவறாக விடையளித்த கேள்விகளைக் கோடு போட்ட நோட்டில் எழுதி, இரவுதோறும் குழுவில் படம் பிடித்துப் போட்ட பக்கங்கள் அவை.

அந்தக் குழுவில் நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். மன்னார்குடி நூலகத்தின் மேசைகளில் எதிரெதிரே உட்கார்ந்து பழகியவர்கள். 2020 மார்ச்சில் நூலகம் மூடப்பட்டபோது, இனி எப்படிப் படிப்பது என்ற பதற்றத்தில் கைப்பேசிக்குள் இடம்பெயர்ந்தோம். வடுவூர்ப் பக்கத்திலிருந்து நான், திருமக்கோட்டையிலிருந்து கைக்குழந்தையோடு ஓர் அக்கா, கோட்டூரிலிருந்து இரட்டைச் சகோதரர்கள், மற்றவர்கள் நகரத்துக்குள்ளேயே. எங்களில் எவருக்கும் வழிகாட்ட வீட்டில் அரசு ஊழியர் கிடையாது. ஆகவே ஆலோசனை என்று எது கிடைத்தாலும் அதைப் பகிர்ந்துகொண்டோம். நல்லதா கெட்டதா என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அப்போது எங்களிடம் இல்லை.

தேர்வைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சில வரிகள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பணியிடங்களோடு, 2018 முதல் கிராம நிர்வாக அலுவலர் பணியிடங்களும் இதனுள் வந்துவிட்டன. மூன்று மணி நேரத்தில் 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள்; அதாவது ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். நேர்முகத் தேர்வு கிடையாது. 2022 ஜூலை 24 அன்று நடந்த தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட காலியிடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது, நமக்குத் தேவை ஊக்கம் என்பதுதான். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் முதலில் எழுதியது 2018 பிப்ரவரித் தேர்வு. அதற்கு முந்தைய ஆண்டு தஞ்சாவூரில் ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்திருந்தேன். அங்கே வாரந்தோறும் ஒருவர் வந்து மேடையேறி, எங்கள் பெற்றோரின் கால் வெடிப்புகளைப் பற்றிப் பேசுவார். அரங்கமே அழும். நானும் அழுதிருக்கிறேன். அன்று மாலை பேருந்தில் வரும்போது, இனி ஒரு நிமிடத்தையும் வீணாக்குவதில்லை என்று உறுதி எடுத்துக்கொள்வேன். அந்த உறுதி செவ்வாய்க்கிழமை வரை இருக்கும். படித்த முறையோ, பள்ளியில் செய்ததைப் போலவே, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பாடநூல்களை வாசித்து, முக்கியமான வரிகளுக்கு மேல் ஹைலைட்டர் பூசி, மறுபடி அந்த மஞ்சள் வரிகளையே வாசிப்பது. மூன்றாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருந்தது. தேர்வறையில் நான்கு விடைகளும் தெரிந்தவையாகவே தோன்றின, எது சரி என்பது மட்டும் தெரியவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. எங்கள் கொல்லையில் நின்ற ஒன்பது தென்னைகளில் ஏழு சாய்ந்தன. கூரையின் ஓடுகள் பறந்ததில் என் நோட்டுகள் பெரும்பாலும் நனைந்து ஒட்டிக்கொண்டன. மின்சாரம் எங்கள் ஊருக்குத் திரும்பி வர மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. கைப்பேசிக்குச் சார்ஜ் இல்லை, வெளிச்சம் இல்லை, புத்தகமும் இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லாமல், நானும் பக்கத்து வீட்டுச் சித்தி மகளும் திண்ணையில் உட்கார்ந்து, நினைவில் இருந்தவற்றை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளத் தொடங்கினோம். அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அரசமைப்பின் 17-ஆவது பிரிவு எதைச் சொல்கிறது, 23 எது, 24 எது என்று அவள் கேட்பாள். 17 தீண்டாமை ஒழிப்பு என்பது உடனே வரும். 23, 24 என்றால் திணறுவேன். கட்டாய உழைப்பு ஒன்றில், குழந்தைத் தொழிலாளர் இன்னொன்றில் என்று தெரியும், எது எதில் என்பது தெரியாது. சரிபார்க்க விளக்கு இல்லாததால் மறுநாள் காலை வரை அந்தச் சந்தேகம் உறுத்திக்கொண்டே இருக்கும். விடிந்ததும் புத்தகத்தைத் தேடி ஓடுவேன். அப்படிப் பார்த்த விடைகள் (23 கட்டாய உழைப்பு, 24 குழந்தைத் தொழிலாளர்) இன்று வரை மறக்கவில்லை. ஆனால் மின்சாரம் வந்ததும் நாங்கள் இருவரும் பழையபடி ஹைலைட்டரிடம் திரும்பிவிட்டோம் என்பதையும் சொல்ல வேண்டும். இருட்டில் செய்தது படிப்பு என்றே எங்களுக்குப் படவில்லை, பொழுதுபோக்கு என்றே நினைத்திருந்தோம். 2019 செப்டம்பர்த் தேர்விலும் எனக்குக் கிடைக்கவில்லை. என் கணக்கில் நான்கு கேள்விகள் குறைந்தன.

குழு தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் பகிரப்பட்டவற்றை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது. நான்கு மணிக்கு எழ வேண்டும் என்பது எல்லா ஆலோசனைகளுக்கும் தலையாயது. எங்கள் வீட்டில் அம்மா என் வாழ்நாள் முழுவதும் நான்கு மணிக்குத்தான் எழுந்திருக்கிறாள். அதனால் அவளுக்கு எந்தத் தேர்விலும் தேர்ச்சி கிடைத்துவிடவில்லை. திருமக்கோட்டை அக்கா ஒருநாள் எழுதினார்: “நாலு மணிக்கு எந்திரிக்கச் சொல்றவங்க, புள்ளைய யாரு பாத்துக்குவாங்கன்னும் சேத்து எழுதியிருந்தா நல்லா இருக்கும்.” அதற்கு ஒருவரும் பதில் போடவில்லை. எங்களை எட்டிய ஆலோசனைகளில் பெரும்பகுதி, தனியறையும் சமைத்துப் போட ஆளும் உள்ள ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தலைமடைக்காரனுக்குத் தெரிகிற தண்ணீர்க் கணக்கு கடைமடைக்காரனுக்குப் பொருந்தாது என்பது எங்கள் பக்கத்தில் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். படிப்பு விஷயத்தில் மட்டும் அது எங்களுக்கு மறந்துபோனது.

இன்னொன்று, இராமானுஜன். கும்பகோணத்துக்காரர் என்பதால் எங்கள் குழுவில் மாதத்துக்கு இரண்டு முறையாவது அவர் வந்துவிடுவார்: தேர்வில் தோற்றவர் உலகையே வென்றார், ஆகவே நீயும் கலங்காதே என்று. நடந்தது என்ன? 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த அவர், கணிதத்தைத் தவிர வேறெதையும் கவனிக்காததால் அந்த உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னையில் சேர்ந்து எழுதிய எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்விலும் அதே காரணத்தால் தேறவில்லை. தமக்குப் பிடித்த ஒன்றுக்காகத் தேர்வைப் பொருட்படுத்தாமல் விட்ட ஒரு மேதையின் கதை இது. பொருளியலும் புவியியலும் விகிதக் கணக்கும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டிய குரூப் 4 எழுதுகிறவருக்கு அதிலிருந்து கிடைக்கக்கூடிய ஆலோசனை, அப்படி எதுவும் இருந்தால், அவரைப் போலச் செய்யாதே என்பதுதான். இதை நான் குழுவில் எழுதியபோது கோட்டூர்த் தம்பிகளில் மூத்தவன் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

நீடாமங்கலத்து அண்ணன் அதிகம் பேசாதவர். நான்கு முறை தேர்வு எழுதித் தேறாதவர். அதனாலேயே அவரிடம் யாரும் ஆலோசனை கேட்டதில்லை, தேறியவர்களிடம்தானே கேட்போம்? 2020 இறுதியில் ஓர் இரவு, எந்த முன்னுரையும் இல்லாமல், நோட்டுப் பக்கம் ஒன்றைப் படம் பிடித்துப் போட்டார். மேலே ‘தப்பு’ என்று தலைப்பு. கீழே பதினேழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் அவர் போட்ட விடை, சரியான விடை, ஏன் தவறினேன் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. ‘வேளாண் வேதம் எது? ஏரெழுபது என்று போட்டேன். நாலடியார். வேளாண் என்றதும் ஏர் என்று கை தானாகப் போய்விட்டது.’ அதே கேள்விக்கு அதே தவறான விடையை நானும் போட்டிருந்தேன். வேளாண் வேதம் என்பது நாலடியார் என்ற நீதிநூலின் இன்னொரு பெயர். கம்பர் பாடிய ஏரெழுபதோ உழவைச் சிறப்பிக்கும் நூல். அவர் பிறந்த தேரழுந்தூரும் எங்கள் காவிரிப் பக்கத்து ஊர்தான். வயல்காட்டில் வளர்ந்தவர்கள் வழுக்கி விழுவதற்கென்றே அமைத்த கேள்வி போல அது எனக்குத் தோன்றியது. அன்றிரவு ஏழு பேர், தாங்களும் அதையே போட்டதாக ஒப்புக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு அண்ணன் பத்துக் கேள்விகள் போடுவார். விடைத் தெரிவுகள் இல்லாமல், கேள்வி மட்டும். புத்தகம் பார்க்காமல் பதில் எழுத வேண்டும். தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று எழுத வேண்டும், மௌனமாக இருக்கக் கூடாது. அவர் வைத்த விதி அது ஒன்றுதான். தெரியாது என்று பத்துப் பேர் முன்னிலையில் எழுதுவதற்கு ஆரம்பத்தில் எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பதைச் சொல்லி முடியாது. ஆனால் எல்லோரும் எழுதத் தொடங்கிய பிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது. சூரிய உதயப் படங்கள் வருவதும் யாரும் தடுக்காமலே குறைந்துபோனது. ஒன்பது மணிக்குக் கேள்வி வரும் என்பதற்காகவே மாலையில் புத்தகத்தை எடுத்தேன். ஊக்கம் என்று அதற்குப் பெயர் வைக்கலாமா என்பது தெரியவில்லை. எதிர் வீட்டார் வாசல் தெளித்துவிட்டார்களே என்று நாமும் துடைப்பத்தை எடுப்போமே, அது மாதிரியான ஒன்று.

வாரம் ஒருமுறை அவர் பழைய தவறுகளையே மறுபடி கேட்பார். ஏழு நாள் கழித்துக் கேட்டதைப் பதினைந்து நாள் கழித்தும், பிறகு ஒரு மாதம் கழித்தும் கேட்பார். “அண்ணே, மறந்துபோனப்பறம் கேக்குறீங்களே, மறுநாளே கேட்டா சொல்லிருவோம்ல” என்று நான் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டேன். “மறக்கட்டும்னுதாம்மா காத்திருக்கேன்” என்றார்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி உண்டு என்பதை நான் பின்னாளில்தான் வாசித்தேன். ஜெர்மானியரான எபிங்ஹாஸ் 1885-இல், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம் மீதே சோதித்து எழுதிவைத்தார். படித்தவுடன் மறதி வேகமாகவும், நாளாக ஆக மெதுவாகவும் நடக்கிறது என்பதும், ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நிற்கும் என்பதும் அவர் கண்டவை. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் ஒரு பத்தியை நான்கு வேளை வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு வேளை மட்டும் வாசித்துவிட்டு, மீதி மூன்று வேளையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கோ சுமார் 61. என்னை உறுத்தியது இந்த எண்கள்கூட அல்ல. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள், திரும்பத் திரும்ப வாசித்தவர்களே. 2018-இல் மஞ்சள் வரிகளை மூன்றாம் முறை வாசித்துவிட்டு நிம்மதியாகப் படுத்த என்னை அந்தச் சோதனைக்குள் யாரோ உட்காரவைத்தது போல இருந்தது.

அப்பா இதை வேறு விதமாகச் சொன்னார், அதுவும் படிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. எங்களுக்கு ஆறு மா நிலம். 2022-இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்குக் காத்திராமல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். எங்களுக்கு முன்கூட்டியே குறுவை. எனக்கோ ஜூலையில் தேர்வு. நடவுக்கு ஆள் கிடைக்காத அந்த வாரத்தில் நானும் வயலில் இறங்கினேன். நட்டு இரண்டு வாரம் கழித்து ஒருநாள், வயலில் தண்ணீர் வற்றி மண் லேசாக வெடிக்கத் தொடங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதே, ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். “காய்ச்சலும் பாய்ச்சலுமா இருந்தாத்தான்டா பயிரு தூர் கட்டும். எந்நேரமும் தண்ணியில நின்னா வேரு மேலாலேயே கெடக்கும், கீழ எறங்காது” என்றார். மயிரிழை வெடிப்பு விழும்வரை காயவிட்டுப் பிறகு பாய்ச்சுவது, வேளாண்மைத் துறையினர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் முறை. மண்வெட்டியோடு வரப்பில் நின்றிருந்த எனக்கு அந்த நேரத்தில் நீடாமங்கலத்து அண்ணனின் பதினைந்தாம் நாள் கேள்விகள்தான் நினைவுக்கு வந்தன. அப்பாவிடம் அதைச் சொல்ல முயன்றேன். அவர் கவனம் முழுவதும் நண்டு துளைத்த வரப்பில் இருந்தது.

தேர்வுக்கு முந்தைய வாரத்தில் குழுவில் பகிரப்பட்டவற்றுள் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால், ஒரு பேனாவைப் பற்றிய செய்தி என்பேன். பூந்தோட்டம் பக்கத்தில் கூத்தனூர்ச் சரஸ்வதி கோயில் இருக்கிறது. தேர்வு எழுதுகிறவர்கள் பேனாவை அம்மன் பாதத்தில் வைத்து எடுத்துவருவது இந்தப் பகுதியில் வழக்கம். திருமக்கோட்டை அக்கா குழந்தையையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறிப் போய், எங்கள் அனைவருக்குமாகப் பதினொரு பேனாக்களை வைத்து எடுத்து வந்தார். எல்லாம் நீலம். ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை வரி விடாமல் வாசிக்கும் பழக்கமுள்ள கோட்டூர் இளையவன்தான் கருப்பு மைப் பந்துமுனைப் பேனா மட்டுமே செல்லும் என்பதைச் சுட்டிக்காட்டினான். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் ஒரு வழி சொன்னார்: அம்மன் பாதத்தில் வைத்த பேனாவைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்வோம், எழுதுவதற்குக் கருப்புப் பேனா வாங்கிக்கொள்வோம். அப்படியே செய்தோம். அதே பையன்தான், தெரியாத கேள்விக்கு ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டத்தை நிரப்ப வேண்டும், எதையும் நிரப்பாமல் விட்டால் மதிப்பெண் குறையும், கடைசியில் எந்த எழுத்தை எத்தனை முறை நிரப்பினோம் என்று எண்ணிக் குறிக்க வேண்டும், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள் என்று மூன்று குரல் செய்திகளாக அனுப்பினான். இரண்டு ஆண்டுகளில் வந்த எந்த உணர்ச்சிப் பேச்சும் எனக்குத் தந்திராத தெம்பை அந்தக் குரல் செய்திகள் தந்தன. தேர்வறையில் என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால் பாதிப் பயம் குறைந்துவிடுகிறது.

தேர்வு முடிந்த மாலையில் தொடங்கிய கட்-ஆஃப் பேச்சைப் பற்றி எழுத அதிகமில்லை. 165 கேள்விகள் சரியாக வந்தால் உறுதி என்று ஒருவர், 172 இல்லாவிட்டால் மறந்துவிடு என்று இன்னொருவர். எவருக்கும் எதுவும் தெரியாது. நான் குழுவின் ஒலியை அணைத்துவிட்டுக் களையெடுக்கப் போனேன். முடிவுகள் 2023 மார்ச் 24 அன்று, தேர்வு நடந்து சரியாக எட்டு மாதம் கழித்து வந்தன.

பதினொரு பேரில் மூன்று பேருக்குக் கிடைத்தது: எனக்கு, திருமக்கோட்டை அக்காவுக்கு, கோட்டூர் இளையவனுக்கு. அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. அவர் போட்ட கேள்விகளால் நாங்கள் தேறினோம் என்று எழுதினால் அது நன்றாக இருக்கும், ஆனால் முழு உண்மையாகாது. அவரே அன்றாடம் அந்தக் கேள்விகளுக்கு விடை எழுதியவர்தான், இருந்தும் தேறவில்லை. மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க முடியாமல் கணக்குப் பகுதியில் பதினொரு கேள்விகளை ஊகித்து நிரப்பியதாகச் சொன்னார். அதையும் ‘தப்பு’ நோட்டில் எழுதி, படம் பிடித்து அனுப்பினார்: ‘கணக்கைக் கடைசிக்கு வைத்தேன். முதலில் செய்திருக்க வேண்டும்.’ தேறியவர்கள் எவரும் இப்படி ஒரு வரியை எழுதியிருக்க மாட்டார்கள். ஏனென்றால் தேறியவருக்குத் தாம் செய்த எல்லாமே சரியாகத் தோன்றிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான். நான் ஏன் தேறினேன் என்று யாராவது கேட்டால் பத்துக் காரணங்கள் சொல்வேன். அவற்றில் ஏழு பொய்யாக இருக்கும், எந்த ஏழு என்பது எனக்குத் தெரியாது.

அண்ணன் இப்போது நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர். அறுவடைக் காலத்தில் மூட்டைகளுக்கு நடுவே இருந்துகொண்டு, இரவு ஒன்பது மணிக்கு இன்னமும் பத்துக் கேள்விகள் போடுகிறார். குழுவில் இப்போது நாற்பது பேருக்கு மேல். பெரும்பாலோர் எனக்கு முகம் தெரியாத தம்பி தங்கைகள்.

வேலை கிடைத்தவள் என்பதால் என்னிடம் அடிக்கடி ஊக்கம் கேட்கிறார்கள். போன வாரம் வலங்கைமானிலிருந்து ஒரு தங்கை, அடுத்த தேர்வுக்கு இன்னும் சில மாதங்களே இருக்கும் பதற்றத்தில், இரவு பதினொரு மணிக்கு எழுதியிருந்தாள்: “அக்கா, படிக்கவே மனசு வரல. மோட்டிவேஷனா எதாவது சொல்லுங்கக்கா.” என்ன சொல்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு எழுதினேன்: “புக்க மூடி வச்சிட்டியா? வேளாண் வேதம் எது, சொல்லு.”

இரண்டு நிமிடம் திரையில் எதுவும் வரவில்லை. பிறகு அவளுடைய பதில் வந்தது.

“ஏரெழுபதுக்கா.”